பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர்

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம், கோவையிலிருந்து ஏழு பேர் வால்பாறைக்கு அப்பால் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்கப் போனோம். எங்களில் ஒருவர் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர். மடித்துக் கட்டிய வேட்டி, ரப்பர் செருப்பு, பெரிய தொந்தி. ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். அடிக்கடி நின்று, கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்பார்.

நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே கடைசியில் வந்தேன். திடீரென்று மூடுபனி இறங்கியது. கால் பிசகி ஓர் ஓடைக்கரையில் விழுந்தேன். வலியில் கத்தக்கூட வரவில்லை. முன்னால் போனவர்கள் பனியில் மறைந்துவிட்டார்கள். பயத்தில் எனக்கு அழுகை முட்டியது.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, எங்கீங்க இருக்கறீங்க?"

கோழிப்பண்ணைக்காரர்தான்.

"நான் பின்னால வரலைன்னு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"பண்ணையில ஆயிரம் கோழி கத்துமுங்க. ஒரு மூலையில சத்தம் கொறஞ்சாலே ஏதோ ஆயிப்போச்சுன்னு ஓடுவனுங்க. உங்க சத்தம் நின்னுபோச்சுங்களே!"

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தோளைப் பிடித்து நொண்டியபடி, கூடாரம் போடும் இடம்வரை விடாமல் பேசினேன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். நான் சொன்னதில் ஒரு வார்த்தையாவது அவர் மனதில் ஏறியதா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.