அரை நிமிட ஜெபம்

என் வீட்டில் குடியிருந்த இருபத்தேழு வயது இளைஞனைப் பற்றி பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். சரியான பதில் எனக்குத் தெரியும். தெரிந்தே அதைச் சொல்லாமல் விட்டேன். அதனால் நடக்கத் தொடங்கியிருந்த ஒருவர் மறுபடி கட்டிலில் விழுந்தார். அந்த இளைஞன் என் நண்பன். அவன் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். திருச்சுழியில் சொந்த வீடு. மனைவி இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்ப்போம். சும்மா கிடந்த பின்பக்க அறையை அவனுக்கு வாடகைக்கு விட்டேன். அருப்புக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்ப்பவன் அவன். அங்கே வீடு அமையவில்லை என்று இங்கே வந்தான்.

கிறிஸ்தவப் பையன். விடிந்ததும் குழாயடியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பான். குரல் சகிக்காது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏம்ப்பா, உங்க சாமிக்குக் காது நல்லாத்தான கேக்கும்? எதுக்கு இந்தக் கத்து?" என்றேன்.

"அவரு எந்திரிச்சு ரொம்ப நேரமாச்சு சார். இது உங்கள எழுப்ப" என்றான்.

அவன் வந்த பிறகுதான் எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று உண்டானது. வேலை முடிந்து ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குவான். நான் கேரம் பலகையைத் துடைத்து, பவுடர் போட்டு, காய்களை அடுக்கி வைத்திருப்பேன். எட்டு மணி வரை ஆடுவோம். எப்போதும் அவன்தான் ஜெயிப்பான். "பெரிய ஆபீசரு, ஒரு சிகப்பப் போட முடியல" என்று கிண்டல் செய்வான். என் வாழ்க்கையில் அதிகாரிகள்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் பேசியது பிடித்திருந்தது.

ஐந்தாறு மாதம் கழிந்து, பக்கத்துக் கிராமத்து லாரி டிரைவர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. முதலில் மருத்துவமனைக்கு வந்துபோனார். இரண்டு பேர் தூக்கி பஸ்ஸில் ஏற்ற வேண்டியிருந்ததால் சீக்கிரமே நின்றுவிட்டார். இவன் விடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். முதலில் வாரம் மூன்று நாள். பிறகு ஞாயிறு தவிர எல்லா நாளும்.

பலகையைத் துடைத்துவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன். இருட்டும். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு விளக்கைப் போடுவேன்.

ஒருநாள் என்னையும் அழைத்துப் போனான். முற்றத்தில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு சவுக்குக் கம்புகளை இணையாகக் கட்டியிருந்தான். டிரைவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு. பேச்சு குழறினாலும் வாய் ஓயவில்லை.

"ஏலே, பத்து டன்னு லோடோட மலை ஏறுனவன்டா நான். என்னையப் போயி கம்பப் புடிங்கிற!"

"முதல்ல கியரப் போடுங்கண்ணே. வண்டி நகரட்டும்."

அன்று அவர் நான்கு அடி வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். தொடங்குவதற்கு முன் அவன் அவருடைய பாதத்தில் கைவைத்து, கண்ணை மூடி, அரை நிமிடம் உதட்டை அசைத்ததையும் பார்த்தேன். திரும்பும் வழியில் கேட்டேன். "அவரு நடக்கணும்னு ஜெபமா?"

"அதுக்கு வேற நேரம் இருக்கு சார். அங்க வேண்டுறது எனக்காக. இந்த ஒரு மணி நேரம் எனக்கு அவசரம் வரக்கூடாது ஆண்டவரேன்னு. அவசரப்பட்டு இழுத்தா அவரு கால் போயிரும்ல."

ஒரு மாதம் சென்று டிரைவரின் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். விவசாயி, மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

"ஐயா, உங்க வீட்டுத் தம்பி எங்க வீட்டுக்கு வாராரு. கால்ல கைய வச்சுக் கண்ண மூடி என்னமோ முணுமுணுக்காரு. மதம் மாத்தத்தான் வாராருன்னு ஊருக்குள்ள பேசுறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க படிச்சவுக, கூடவே இருக்கிறவுக. நீங்க ஒரு வார்த்த சொன்னா ஊரு வாய அடைச்சுருவேன்."

அவர் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. 'இல்லை' என்று நான் சொல்வதைக் கேட்கத்தான் வந்திருந்தார். எனக்கு அது தெரிந்தது. சுவரில் சாய்த்திருந்த பலகையும் கண்ணில் பட்டது.

"நீங்களே பாத்துட்டீங்க. நான் என்னத்தச் சொல்ல?" என்றேன்.

"அப்ப நிப்பாட்டிரவா?"

"அதான் நல்லது."

மறுநாள் அவன் ஆறரைக்கே திரும்பிவிட்டான். "இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார். வாசல்லயே நிறுத்தி சொல்லிட்டாங்க. இன்னும் ரெண்டு மாசத்துல கம்பு இல்லாம நடந்திருப்பாரு" என்றான். நான் ஆறுதல் சொன்னேன். பலகையை எடுத்து வைத்தேன். அவன் கவனமில்லாமல் ஆடினான். முதல்முறையாக நான் ஜெயித்தேன். அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து, "உங்க பேச்சுக்கு அங்க மரியாதை உண்டு சார். ஒருதடவ பேசிப் பாருங்களேன்" என்றான். "பாக்கலாம்" என்றேன். அதன் பிறகு இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் அதே பதில்தான்.

ஆறு வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் இறந்துவிட்டான். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, என்னால் உங்களுக்குத்தான் சிரமம் என்று என் கையைப் பிடித்தான். என்னைப் பற்றி எதுவும் தெரியாமலே போனான்.

அவன் ஊர்த் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. அவனுடைய அம்மா முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கல்லறைக்குப் போகும் செம்மண் பாதையில் கூட்டம் மிகவும் மெதுவாகத்தான் நகர்ந்தது. நிறையப் பேர் கைத்தடியோடு வந்திருந்தார்கள். ஒருவர் காலை அரைவட்டமாகச் சுழற்றிச் சுழற்றி வைத்தார். ஒரு பெண் நான்கு கால் ஊன்றுகோலை மண்ணில் ஊன்றிப் பிடுங்கி, ஊன்றிப் பிடுங்கி வந்தாள். எல்லாரும் அவன் நடக்கவைத்தவர்கள். அவ்வளவு தூரமும் யாரும் யாரையும் முந்தவில்லை. யாரோடும் சேராமல் நான் கடைசியாகப் போனேன்.

எட்டாம் நாள் அந்தக் கிராமத்துக்குப் போனேன். முற்றத்துக் கட்டிலில் டிரைவர் படுத்திருந்தார். கம்புகளில் துணி காய்ந்தது. அவருடைய வலது பாதம் விறைத்துக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அவன் இறந்ததைச் சொன்னேன். அந்த அரை நிமிடத்தில் அவன் என்ன கேட்டான் என்பதையும், அது எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன்.

அண்ணன் கேட்டார். "அம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டா நிப்பாட்டச் சொன்னீக? எதுக்குய்யா?"

"சாயங்காலம் எனக்குத் துணைக்கு ஆளில்ல."

"இதுக்கா?" என்றார். "இதுக்கா ஐயா?"

கட்டிலில் இருந்தவர் குழறினார். "அப்ப அந்தப் பய என்னைய விட்டுட்டுப் போகலயா? எங்கண்ணன் வர வேண்டாம்னு சொன்னது எனக்குத் தெரியாதே. நம்மளால முடியாதுன்னு கைகழுவிட்டான்னு நெனச்சேன். வாசலப் பாத்துப் பாத்துக் கெடந்தேன்யா." அழுதார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "இவரப் போகச் சொல்லு" என்றார்.

அவனோடு வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சினேன். அவர் வாரம் மூன்று நாள் வருகிறார். பஸ் நிறுத்தத்தில் இருந்து ஆட்டோவில் அந்த வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவேன். குதிகால் தசை சுருங்கிவிட்டது, பழையபடி முழுதாக நிமிராது என்றார். காலுக்குக் கம்பிப் பட்டை வைத்த செருப்பு ஒன்று செய்து போட்டிருக்கிறார்கள். நான் அந்த வீட்டுக்குள் போவதில்லை. டிரைவருக்கு என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை. ஊர் முனையில் பயணியர் நிழற்குடை இருக்கிறது. அந்தப் பெண் முடித்து வரும்வரை அங்கே உட்கார்ந்திருப்பேன். பருத்திக் காட்டில் இருந்து திரும்புகிறவர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். விஷயம் ஊருக்கே தெரியும். யாரும் நின்று பேசுவதில்லை.

போன வாரம் டிரைவரின் அண்ணன் அங்கே வந்தார். பக்கத்தில் உட்காரவில்லை. ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னைக்கு எட்டு அடி வச்சான். உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவன் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

"கம்பப் பிடிச்சா வச்சாரு?" என்று கேட்டேன்.

"கம்பப் புடிச்சுத்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.