பஸ்ல குந்தி நான் படிச்ச கத

பேய், பிசாசு, ஆவின்னு எவனாவது வாயத் தொறந்தான்னா நான் எழுந்து உள்ள பூடுவேன் நைனா. கடக்கரையில வெள்ளப் பொடவ நடந்துச்சுன்னு காசிமேட்டுல ஒருத்தன் சத்தியம் பண்ணான், ஊத்திகினு வந்தா எல்லாந்தான் நடக்கும்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ நானு. அதனால நான் சொல்றதக் கேட்டு நீ சிரிச்சேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். அப்பவே சிரிச்சிட்டாங்க, திட்டியும் தீத்துட்டாங்க, நான் பண்ணாத காரியத்துக்கு. அதான் இன்னி வரைக்கும் எனக்கு ஆறல.

மணலி பக்கம் எண்ணெ ஆலை எழும்பிகினு இருந்த காலம் அது. எங்கூட்டுக்காரரு சூசை, ஹார்பர்ல சரக்கு எறக்கற வேல. ஒரு நாளு சங்கிலி அறுந்து மூஞ்சியில அடிச்சிருச்சு. ரெண்டு கண்ணுலயும் ஆப்ரேஷன். கட்டு அவுக்கிற வரைக்கும் தலைய ஆட்டக்கூடாது, கட்டுல கை வெச்சா பார்வ பூடும்னு டாக்டரு கண்டிசனா சொல்லிட்டாரு. அந்த மனுசனோ சும்மா குந்தத் தெரியாத ஆளு. எரியுது, அரிக்குது, பிச்சிப் போட்டுருவேன்னு கத்துவாரு. நான் கைய அமுக்கிப் புடிச்சிகினே குந்தியிருப்பேன், எத்தினி நேரந்தான் புடிக்க முடியும் சொல்லு.

அப்பதான் ராயபுரத்துல வாடகைக்கு புக்கு குடுக்கிற கடைக்குப் போயி, அழுவாச்சியே இல்லாத கத ஒண்ணு குடுய்யான்னு கேட்டேன். அவன் தேடிக் குடுத்தது பிரான்சு நாட்டுல ஒரு கிராமத்துல நடக்கற கத. லூசின்னு ஒரு பொண்ணு, பட்டணத்துல டைப்பிஸ்ட்டு, வேல பூடுது. அத்தக்காரி எய்தி வெச்ச பழைய சத்திரத்த நடத்தலாம்னு கிராமத்துக்கு வர்றா, ஆனா சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாது அவளுக்கு. அங்க ஒரு பெரிய வாத்து, தபால்காரனக் கண்டா மட்டும் தொரத்தும். கோயில் கடிகாரம் முந்தி ஓடுதா பிந்தி ஓடுதான்னு ஊரு தலைவரும் சாமியாரும் தெனம் சண்ட போடுவாங்க. ஆப்பிள் மரம், திராட்சக் கொடி, எளம் வெயிலு. யாரும் சாவல, யாருக்கும் பசி இல்ல, யாருக்கும் சங்கிலி அறுந்து மூஞ்சியில அடிக்கல. ஃபினாயிலு நாத்தத்துல குந்திகினு அத்தப் படிக்கும்போது, நீ நம்பினா நம்பு, அந்த வெயிலு எம்மேல படறா மாதிரியே இருக்கும். அவரு தலைய ஆட்டாம ஒதட்டால மட்டும் சிரிப்பாரு. பக்கத்துக் கட்டிலு முனுசாமி அண்ணன், வியாசர்பாடிக்காரரு, கால் ஒடிஞ்சி கெடந்தவரு, "அந்த வாத்து இன்னிக்கு யாரக் கடிச்சுதும்மா"ன்னு காலையிலயே கேப்பாரு.

எங்க நாத்தனாரு பிலோமினாவுக்கு மட்டும் பொறுக்கல.

"எந்தம்பி கண்ணு போவுமா நிக்குமான்னு கெடக்குறான், நீ வாத்துக் கத படிச்சி இளிச்சிகினு கீறியா? ஜெபமால எங்கடி?"

ஜெபமால நான் விடியக்காலயே சொல்லிட்டுத்தான் வருவேன். மாதாவுக்கு சிரிப்பு புடிக்காதுன்னு இவங்களாண்ட யாரு வந்து சொன்னது?

ஒரு நாளு நாத்தனார அவராண்ட குந்த வெச்சிட்டு, எண்ணூருல எங்கம்மா வூட்டுல புள்ளைங்கள வுட்டுட்டு வரப் போனேன். திரும்பி வரும்போது திருவொத்தியூராண்ட ஒரு லாரி ரோட்டுக்குக் குறுக்க கவுந்து கெடக்குது, ரோடு பூரா எண்ணெ. பஸ்ஸு முன்னாலயும் போவல பின்னாலயும் போவல, எவனாவது எறங்கி பீடி பத்த வெச்சா தீ புடிச்சிக்கும்னு போலீஸு யாரையும் எறங்கவும் வுடல. கட்டப் பிச்சிட்டாரோ, இன்னா ஆச்சோன்னு எனக்கு அதே நெனப்பு. அழுதுடுவோமோன்னு பையில கெடந்த புக்க எடுத்தேன். மனசுக்குள்ளதான் படிச்சேன், ஒதடுகூட அசையல. ஆனா அவருக்குப் படிக்கறா மாதிரியே, அவரு சிரிக்கற எடமா பாத்து நிறுத்தி நிறுத்திப் படிச்சேன். லூசி பாலாடக்கட்டி பண்றேன்னு ஊரையே நாறடிக்கற எடத்துல எனக்குத் தாங்கல, தனியா சிரிச்சிட்டேன், பக்கத்துல மீனு கூடைய வெச்சிருந்த அம்மா தள்ளிக் குந்திச்சி. லாரிய எடுக்கறதுக்குள்ள கத முடிஞ்சிருச்சி. லூசி ரொட்டிக் கடக்காரனக் கட்டிக்கிறா, வாத்து கோயிலுக்குள்ள நொழைஞ்சிருது, அவ்ளோதான். புக்க மடியில வெச்சிகினு கண்ணு அசந்துட்டேன். பஸ்ஸு கெளம்பின உலுக்கல்லதான் முழிச்சேன்.

எறங்கி ஓடினேன். வார்டுல கால வெக்கறேன், நாத்தனாரு புடிச்சிகிட்டாங்க.

"இன்னாடி அக்கிரமம் இது? அவ்ளோ நேரம் கத படிச்சிட்டு, ஒரு வார்த்த சொல்லாம எழுந்து போற. இப்ப புதுசா வர்றவ மாதிரி மூச்சு வாங்கற?"

"நானா? இப்பதான் அண்ணி பஸ்ஸ வுட்டு எறங்கறேன்."

"யாராண்ட டபாய்க்கிற? மூஞ்சிக்கு நேரா திட்டினேன், தலையத் தூக்கினியா நீ? செவுடி மாதிரி படிச்சிகினே இருந்த!"

எனக்கு வந்துச்சு பாரு கோவம், பஸ் டிக்கெட்டத் தூக்கி அவங்க மூஞ்சியாண்ட நீட்டினேன். அத்தப் பாக்கக்கூட இல்ல. முனுசாமி அண்ணே, நீங்களாவது ஞாயத்தச் சொல்லுங்கன்னேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு.

"நல்லாத்தானம்மா படிச்ச. சூசை கட்டுல வெரல வுட்டு இஸ்துகினு இருந்தான், ரெண்டு ஆளு அமுக்கியும் அடங்கல. நீ வந்து முக்காலியில குந்தி ஆரம்பிச்ச, அப்படியே கைய எடுத்துட்டான். பாலாடக்கட்டி கூத்துல நான் சிரிச்சி காலே வலிச்சிகிச்சி."

"என் கைல புக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சே."

புக்கு என் பையில கீது நைனா. பையி என் தோள்ல கீது. நான் மெர்சலாயிட்டேன். எங்கூட்டுக்காரரு தடவித் தடவி என் கையப் புடிச்சாரு.

"ஏம்மே சண்ட போடற? நீ வரலன்னா பிச்சிப் போட்டிருப்பேன்."

"வாத்து கோயிலுக்குள்ள நொழைஞ்சதா? அது வரைக்கும் படிச்சேனா?"

"அதுக்கு அப்பாலயும் ஒண்ணு படிச்சியே. கொரல எறக்கிகினு, எங்காதாண்ட குனிஞ்சி."

நாத்தனாரும் ஆமான்னாங்க, குசுகுசுன்னு இன்னமோ ஓதினியேன்னாங்க. நான் புக்கப் பிரிச்சேன். வாத்து கோயிலுக்குள்ள நொழையறதுக்கு அப்பால பக்கமே இல்ல, பின்னட்டதான் கீது.

கட்டு அவுத்தாங்க, பார்வ நல்லா வந்துச்சு. தன்னோட ஜெபமாலயாலதான்னு நாத்தனாரு கோயிலு பூரா சொல்லிகினாங்க, நான் ஆஸ்பத்திரியில கூத்தடிச்சேன்னும் சேத்து. சொல்லிட்டுப் போறாங்க. எங்கோவம் இப்ப அவங்க மேல இல்ல, இந்த மனுசன் மேலதான். குடிச்சிட்டு வந்தாக்கூட எங்கிட்ட மறைக்கத் தெரியாதவரு, அந்தக் கடைசி அத்தியாயத்துல இன்னா வந்துச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாரு. கெஞ்சியும் கேட்டேன், சோறு போடாமயும் கேட்டேன். போன ஞாயித்துக்கிழம கூட வுடாம புடிச்சிகினேன்.

"அன்னிக்கு காதாண்ட குனிஞ்சப்ப நீதானமே சத்தியம் வாங்கின," ன்னாரு. "நான் எப்ப வந்து கேட்டாலும் எங்கிட்ட சொல்லாதன்னு."