விமானத்துக்குக் கண் திறந்த ஞாயிற்றுக்கிழமை

என் மருமகன் அணுபுரத்தில் இருக்கிறார். வாரம் முழுக்க ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்து அடுக்கி, விமானம் கட்ட உட்கார்ந்துவிடுவார். கண் இமை முடி மாதிரி ஒரு பிரஷ் வைத்திருக்கிறார். அவர் பெயின்ட் அடிக்கும்போது வீட்டில் மிக்ஸி கூடப் போடக் கூடாது. போன வாரம் பசை காயும்வரை இறக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என் கையில் கொடுத்தார். நான் அசையாமல் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, பழக்கம் உண்டா அத்தை என்று கேட்டார். எங்கள் வீட்டிலேயே ஒரு விமானம் கட்டினோம், அதை முடித்து வைத்தது நான்தான் என்றேன். சிரித்தார். நம்பவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். அதற்காக இல்லாததைச் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில், ஏரியை ஒட்டி எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒரு அக்கா, எங்கள் அத்தை. அத்தைக்கு ஒரே மகன். எனக்கு மாமா முறை. அவருக்கு மெட்ராஸ் பக்கம் விமானங்கள் நிற்கிற இடத்தில் வேலை. விமானத்தின் உடம்பில் எண்ணும் எழுத்தும் பெயின்டால் எழுதுவது. ஊரில் அவர் விமானம் ஓட்டுகிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். அவரும் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அப்பாவுக்கும் அத்தைக்கும் வரப்பு விஷயமாகச் சண்டை. முகம் பார்த்துப் பேசுவதில்லை. பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளை என்ன செய்வான் என்று அம்மாதான் மாமாவை வீட்டுக்குள் விட்டாள். விமானம் செய்ய எங்கள் வீட்டுக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்டால் அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. அவர் தங்கியிருந்த அறையில் ஆள் அதிகம், பெயின்ட் வாசனைக்கு அவர்கள் சண்டைக்கு வருவார்கள். எங்கள் வேலியிலோ கல்யாண முருங்கை நின்றது. அதன் கட்டை காய்ந்தால் பஞ்சு மாதிரி. விமானத்தின் உடம்புக்கு அதைவிட நல்ல மரம் இல்லை என்றார்.

ஞாயிறு காலை முதல் ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். கிணற்றடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். நான் எதிரில் குந்திக்கொள்வேன். டீ வருகிற பெட்டியின் பலகையை அறுத்து இறக்கை. சிகரெட் டப்பாவின் தகரத்தை வெட்டி மூக்கில் சுழலும் காற்றாடி. ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் காய்ச்சினால் வீடே நாறும். நிஜ விமானத்தில் ஆறு அடி நீளம் என்றால் இதில் ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்திருந்தார். அப்படியானால் இதற்குள் உட்காரும் ஆள் எவ்வளவு பெரியவன் என்று கேட்டேன். கட்டை விரலின் மேல் கணுவைக் காட்டினார். அன்றெல்லாம் நான் என் விரலையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். அந்த அளவு ஆகிவிட்டால் ஏரிக்கு மேலே போகலாம். அம்மா கூப்பிட்டால் கேட்காது.

உள்ளே இரண்டு ஆசனங்கள் வைத்தார். புளியங்கொட்டை அளவு. எதற்கு இரண்டு என்றேன். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் கூட வருவார் என்றார். கூட வருகிறவர் என்ன வேலை செய்வார் என்றேன். வழி சொல்லுவார் என்றார்.

விமானத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு எதிரி இருந்தாள். என் அக்கா. தையல் பள்ளியில் டீச்சர் வேலை பார்த்தாள். ஒரு நூல் கோணினாலும் அவள் கண் கண்டுபிடித்துவிடும். முறைப்பையனோடு கல்யாண வயசுப் பெண் நேராகப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் சமையல்கட்டு வாசலில் நின்று என்னிடம் சொல்லுவாள்.

"உங்க மாமாகிட்ட சொல்லுடி. இந்தாண்ட றெக்க எறங்கிகினு கீது."

அவர் பத்தடி தூரத்தில்தான் இருப்பார். இருந்தாலும் நான் போய்ச் சொல்ல வேண்டும். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சொல்றாங்க உங்க அக்கா" என்று ஒட்டிய இறக்கையைப் பிரித்து எடுத்துவிடுவார். எனக்கு அழுகை வரும். அடுத்த வாரம் வால் சாய்ந்திருக்கும். அதற்கடுத்த வாரம் சாம்பல் நிறம் திட்டுத்திட்டாக இருக்கும். அவள் சொல்லச் சொல்ல அவர் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டு, மறுபடி பட்டி பார்த்து, மறுபடி பெயின்ட். அக்காவுக்கு மாமாவைக் கண்டாலே ஆகாது என்று முடிவு கட்டினேன். அம்மாவிடமும் சொன்னேன். அம்மா என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

அப்பாதான் அடிக்கடி கேட்பார், எப்போது முடியும் என்று.

"இன்னும் ஒரு கோட்டிங் கீது மாமா" என்பார் அவர்.

அந்தச் சமயத்தில் மதுராந்தகத்திலிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. அரிசி மண்டி வைத்திருக்கிற இடம். வருகிற புதன்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கிணற்றடியில் கிடக்கும் விமானத்தைப் பற்றி அம்மா பேச்செடுத்தபோது அப்பா சொன்னது என் காதில் விழுந்தது.

"அது முடியற வரைக்கும் வந்துகினு போவட்டும். முடிஞ்சிச்சின்னா அவனுக்கு இங்க இன்னா வேல?"

எனக்கு அதில் ஒரு விஷயம்தான் பிடிபட்டது. முடிய வேண்டும். விமானத்தில் பாக்கி இருந்தது முன்பக்கத்து இரண்டு கண்ணாடி ஜன்னல்கள் மட்டும். அவற்றை மாமா தொடாமலே வைத்திருந்தார். அந்த இடம் வெள்ளையாக, பார்வை இல்லாத முகம் மாதிரி இருந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் ஊர் அம்மனுக்கு மாமல்லபுரத்தில் சிலை அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். அதுவரை அது கல். திறந்த கண் முதலில் நல்லதைப் பார்க்க வேண்டும் என்று எதிரில் பசுவும் கன்றும் நிறுத்தி, கண்ணாடி காட்டி, நெல் காட்டி, பாவாடை கட்டிய கன்னிப் பெண்களையும் நிறுத்தினார்கள். அதில் நானும் நின்றேன். கண் திறந்த பிறகு அந்தச் சிலைமேல் உளி படக் கூடாது, உயிர் வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். கண் திறந்தால் உயிர் வரும். உயிர் வந்தால் பறக்கும். இதை மாமா எப்படி மறந்தார் என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

ஞாயிறு காலை, அவர் பஸ் வருவதற்குள், அக்காவின் மை டப்பாவை எடுத்தேன். ஈர்க்குச்சியை நுனி சீவி, மையில் தோய்த்து, அந்த வெள்ளை இடத்தில் இரண்டு கண்ணையும் எழுதினேன். வலது கண் நன்றாக வந்தது. இடது கண் இழுத்துக்கொண்டு போய்க் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பசு மேய்ச்சலுக்குப் போயிருந்தது. ஒரு படி நெல்லை எடுத்து வைத்தேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து விமானத்துக்கு எதிரில் நிறுத்தினேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். விமானத்தைக் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கண்ணாடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

மாமா உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். சமையல்கட்டிலிருந்து வந்த அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"கண்ணு தொறந்தாச்சுப்பா. குழந்த கையால தொறந்துகீது. இனிமே தேய்க்கக் கூடாது."

அம்மாவுக்குச் சாமி விஷயத்தில் விளையாட்டுக் கிடையாது. அது மரக்கட்டைதானே என்று மாமாவும் சொல்லவில்லை. அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே கிணற்றடிக்கு வந்தார். விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"முடிஞ்சிச்சா? நல்லா கீது. அப்ப இனிமே ஒனக்கு இங்க இன்னாப்பா வேல?"

மாமா உப்புத்தாளைக் கையில் மடித்தார், பிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க அக்காவக் கேளு. அந்தக் கண்ணு கோணலா கீதா, இல்லியா?"

நான் கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"கோணல் எதுவும் இல்ல" என்றாள். "எல்லாம் முடிஞ்சிபோச்சு. அப்பா கேக்கறாரு இல்ல, பதில் சொல்லுங்க மாமா."

அப்பா எதிரில், அம்மா எதிரில், நேராக அவரிடம். அப்பாவின் வாயில் வெற்றிலை நின்றது.

அதற்குப் பிறகு மாமா அப்பாவிடம் என்னவோ பேசினார். நீளமாகப் பேசவில்லை. நான் கேட்கவில்லை, எனக்கு வேறு வேலை இருந்தது. விமானத்தின் மூக்கருகே தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து அது அரைச் சுற்று சுற்றியது. நான் கூப்பாடு போட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு, அந்த மண்டிக்காரருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். புதன்கிழமை மதுராந்தகத்துக்காரர்கள் வரவில்லை. எங்கள் அத்தைதான் தட்டோடு வந்தாள். வரப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

விமானம் பறக்கவும் இல்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா எனக்குத் தலை பின்னிவிடும்போது கேட்டேன், அந்த இடது கண் கோணல்தானே என்று.

"ஆமாண்டி" என்றாள். "ரொம்பக் கோணல்."

அப்புறம் எதற்கு இல்லை என்று சொன்னாய் என்றேன். அவள் பின்னலைப் பிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். பின்னல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நூல் கோணினாலும் பொறுக்காதவள், அவ்வளவு பெரிய கோணலை எப்படி விட்டாள் என்று யோசித்துக்கொண்டே அவள் மடியில் சாய்ந்து தூங்கிப்போனேன்.