ஆறு இன்ச் உயரத்தில் என் சகலை

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் சகலை வீட்டு வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். குங்குமத் தண்ணீர் தெறித்து என் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

யாருக்குத் திருஷ்டி என்கிறீர்களா? ஒரு ஜீப்புக்கு!

சகலை பெயர் தனபால். என் மனைவியின் தங்கை மல்லிகாவின் கணவர். பாபநாசம் பக்கத்தில் விவசாயம். அவருடைய ஜீப்புக்கு ஒரு மாதமாக ஸ்டியரிங் கோளாறு. நாற்பது வேகத்தில் போகும்போது முன் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும்... ஸ்டியரிங் இடதும் வலதுமாக உதற ஆரம்பிக்கும். பிடித்திருப்பவரின் தோள்பட்டை, தாடை, சட்டைப்பையில் இருக்கும் பேனா எல்லாம் சேர்ந்து ஆடும். வண்டியை நிறுத்தினால்தான் உதறலும் நிற்கும்.

மல்லிகா காயை மூன்று சுற்று சுற்றினாள்.

"ஊருக்கண்ணு, உறவுக்கண்ணு, எந்தக் கொள்ளிக்கண்ணா இருந்தாலும் சரி, எல்லாம் இதோட போவணும்..." என்றவள், என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தான், செத்த தள்ளி நில்லுங்க. தெறிக்கும்" என்றாள்.

தள்ளித்தான் நின்றேன். இருந்தும் தெறித்தது. கடவுள் குறி பார்த்து அடிக்கிறார்!

எனக்குக் கண் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஜீப் ஏன் உதறுகிறது என்பது அந்தத் தெருவில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை. வேட்டியில் கறையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஏன் திறக்கவில்லை? சொல்கிறேன். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தனபாலைப் பார்த்தால் வயிறு எரியும். ஒரே மாமியார் வீடு, இரண்டு மாப்பிள்ளைகள். நான் மூத்த மாப்பிள்ளை. ஆனால் நண்டுக் குழம்பு அவர் வருகிற அன்றைக்குத்தான் வைப்பார்கள். "தனபாலு காரம் தாங்குவாரு" என்பார் மாமியார். என் நாக்கு என்ன, கடன் வாங்கியதா?

போகட்டும். ஜீப் விஷயத்திலாவது நான் ராஜாவாக இருந்தேன். திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டில் நிற்பது என் பழைய ஜீப். பாதிப் பக்கம் கிழிந்த ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே அதன் வைத்தியத்தைக் கற்றுக்கொண்டேன். உறவில் யாருக்கு வண்டி மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும். அந்த போன்தான் என் நண்டுக் குழம்பு.

போன வருடம் தனபால் ஒரு ஜீப் வாங்கினார். அதே ரகம், செகண்ட் ஹாண்ட். வாங்கினதோடு விட்டாரா? ஆஃப் ரோடு வண்டி மாதிரி ஆறு இன்ச் உயர்த்தி, டிராக்டருக்குத் தம்பி மாதிரி டயரும் மாட்டிவிட்டார்.

எங்கள் டெல்டா தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. இதில் எந்த மலை ஏறப் போகிறார்? எங்கள் ஊரில் கல் என்றால் ஒன்று கோயிலில் இருக்கும். இல்லையென்றால் சர்வேக்காரர் நட்டதாக இருக்கும்.

அந்த இரண்டாவது வகைக் கல்தான் தனபாலைப் பெரிய மனுஷன் ஆக்கியது. புறவழிச் சாலைக்காக அவருடைய நஞ்சையில் வரிசையாகக் கல் நட்டார்கள். சம்பாப் பயிர் நடுவில், மூன்று ஏக்கரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது கோடு. இந்தக் கட்சி ஆட்சியில் நட்ட கல்லை அந்தக் கட்சி வந்து பிடுங்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆட்சி மாறியது. கல்லுக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். அவ்வளவுதான் மாற்றம்!

கல் நட வந்த அன்றைக்கு வயலில் இறங்கி முதலில் நின்றவர் தனபால். இப்போது அவர் போராட்டக் குழுத் தலைவர். ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மழைச் சேற்றில் லாரி கூடச் சிக்குகிற வாய்க்கால் கரைகளில் ஊர் ஊராகப் போகிறார். "அண்ணன் வண்டி வருது" என்று பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். என் நிலத்திலோ ஒரு கல்கூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நான் அந்தக் கல்லுக்கும் பொறாமைப்பட்டேன். அடுத்தவன் நிலம் பறிபோவதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன்.

அந்த வண்டிதான் உதற ஆரம்பித்தது. தனபால் டயரை மாற்றினார். சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்த்தார். கும்பகோணம் போய் அலைன்மென்ட் பார்த்தார். யார் யாரிடமோ கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. போன் வரவே இல்லை!

மூன்று வாரத்துக்கு முன்னால், அவர் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். டீ ஆறுவதற்குள் எனக்கு வியாதி புரிந்துவிட்டது. கூப்பிட்டுச் சொன்னேன்:

"சகலை, வண்டிய இறக்கிடுங்க. எல்லாம் சரியாப் போயிரும்."

"எதுவரைக்கும் இறக்கணும்? உங்க வண்டி உயரத்துக்கா?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "விடுங்கண்ணே, கழுத்து வலிக்குதாம் அவருக்கு, அண்ணாந்து பார்த்துப் பார்த்து" என்று ஒரு போடு போட்டார். நல்ல போடு. என்னைப் பற்றியதாக இல்லாவிட்டால் நோட்டில் குறித்து வைத்திருப்பேன்.

நான் சொன்னது சரியான யோசனை. ஆனால் அதைச் சொல்லும்போது எனக்கு ஏன் அப்படி இனித்தது? ஒரே வாக்கியம்... உண்மையும் அதுதான், என் வயிற்றெரிச்சலும் அதுதான். பொறாமைக்காரன் வாயிலிருந்து வந்தால் நல்ல மருந்துகூட விஷம் மாதிரிதான் வாசனை அடிக்கும். அன்றைக்கு வாயை மூடியவன்தான்.

பூசணிக்காய்க்கு வருவோம். உடைத்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே மல்லிகா சொன்னாள்:

"இனி பயமில்ல. நாளைக்குக் காலைல அளக்க வர்றாங்களாம். மெயின் ரோட்டுல போலீஸ் நிக்குதாம். அதனால நாங்க பொம்பளைங்க எட்டுப் பேரு இந்த ஜீப்புல குடமுருட்டிக் கரை வழியாப் போயிர்றோம். அக்காவும் வர்றேன்னு சொல்லிட்டா."

அக்கா என்றால் என் மனைவி.

குடமுருட்டிக் கரை உங்களுக்குத் தெரியாது. ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஆறு. மேட்டூர் திறந்து தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. வழியெல்லாம் பள்ளம். ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்து ஸ்டியரிங் உதறினால்...

வேட்டிக் கறை காயும் முன்னால் தனபாலைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"சகலை, நாளைக்கு இந்த வண்டிய எடுக்காதீங்க. இது கண்ணும் இல்ல, காத்தும் இல்ல. ஒசத்தும்போது முன்னாடி ஸ்பிரிங் பட்டைய மாட்டுற ஷேக்கிள நீளமாப் போட்டுருக்கான். அதனால முன் அச்சு சுத்தி, தலை குனிஞ்சு நிக்குது. சைக்கிள்ல கைய விட்டு ஓட்டுறோமே, எப்படி நேராப் போவுது? முன் ஃபோர்க்கு மேல்பக்கம் பின்னால சாஞ்சிருக்கறதாலதான். உங்க வண்டிக்கு அந்தச் சாய்வு போயிருச்சு. போதாததுக்கு ஸ்டியரிங்லேர்ந்து சக்கரத்துக்குப் போற ராடு ஏணி மாதிரி சரிஞ்சு கெடக்கு. பள்ளத்துல விழுந்தா அது வெட்டி இழுக்குது. ரெண்டு சக்கரத்தையும் சேக்குற டை ராடு முனையும் தேஞ்சு போச்சு."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மூணு வாரமா."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஜீப்பின் பின் சீட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"மூணு வாரமா இதுலதான் ஆளுங்கள ஏத்திக்கிட்டுக் கரையில போறேன். உங்க கொழுந்தியா உக்காந்திருந்தா. ஒரு நாளு மாமியார் உக்காந்திருந்தாங்க."

நான் என்ன சொல்வது? எனக்கு நண்டுக் குழம்பு வைக்கவில்லை என்றா?

"சரி," என்றார். "இறக்கணும்னுதானே சொல்லப் போறீங்க?"

"வேணாம். அந்த ஒசரத்துலயே நிக்கட்டும். அதுக்கு வேண்டிய சாமான் இருக்கு."

"எங்க?"

"எங்க வீட்ல."

இங்கேதான் இன்னொரு உண்மையை உங்களிடம் சொல்லியாக வேண்டும். உயர்த்திய வண்டியின் நோயெல்லாம் எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்? இரண்டு மாதமாக ராப்பகலாகப் படித்தேன். ஏன் படித்தேன்? என் வண்டியையும் உயர்த்தப் போவதாக இருந்தேன். அவருக்கு ஆறு இன்ச் என்றால் எனக்கு ஏழு! கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் சாமான் வரவழைத்து, நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

என் பழைய ஜீப்பை விரட்டிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி போய், பெட்டியோடு மதியத்துக்குள் திரும்பினேன். இறக்கும்போது, தங்கை வீட்டுக்குள்ளிருந்து வந்த என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, இது மோட்டார் பம்ப்பு சாமான்னுதானே சொன்னீங்க?"

தனபால் பெட்டியைப் பிரித்தார். ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்த இரும்புத் தகடுகள். நன்றாகக் கீழே வளைந்து இறங்கும் ஸ்டியரிங் ஆர்ம். எல்லாம் புத்தம் புதுசு, கிரீஸ்கூட காயவில்லை.

"ஒசத்தாத வண்டிக்கு இது எதுக்கு சகலை?"

நான் ஜாக்கியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"எதுக்குன்னு நான் சொல்றேன், மாப்ள," என்றாள் என் மனைவி. "இத்தனை வருசமா கூடவே குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

மல்லிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தனபால் மட்டும் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் வந்து படுத்தார்.

இரண்டு சகலைகள் ஒரே வண்டிக்கு அடியில், தோளோடு தோள். கல்யாண போட்டோவில்கூட நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இல்லை. ஸ்பிரிங் பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, நடுவே தகடுகளைச் செருகினோம். தடித்த பக்கம் எது, மெலிந்த பக்கம் எது என்பதில்தான் சூட்சுமம். மாற்றி வைத்தால் அச்சு இன்னும் குனிந்துவிடும். கொத்தனார் வீட்டிலிருந்து தூக்குக்குண்டு வாங்கி வந்து நூலைத் தொங்கவிட்டு, சாய்வு சரியா என்று பார்த்தேன். பழைய ஆர்மைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டதும், சரிந்து கிடந்த ராடு கிட்டத்தட்டப் படுக்கைவசமாக வந்துவிட்டது. தேய்ந்த டை ராடு முனைக்கு ஞாயிற்றுக்கிழமையில் எந்தக் கடைக்குப் போவது? என் ஜீப்பிலிருந்தே கழற்றினேன். முன்கால் ஒடிந்த மாடு மாதிரி நின்றது என் வண்டி.

அத்தனை நேரத்தில் அவர் பேசியது நான்கே வார்த்தை. "பதினேழாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க." திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வெயில் தாழ, ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். நாற்பது. ஐம்பது. வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டேன். ஸ்டியரிங் ஒரு தடவை தலையசைத்துவிட்டு அமைதியானது.

மறுநாள் காலை, பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் தனபால் சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க."

"நானா?"

"வண்டிய நம்புறேன் சகலை. உங்கள நம்பத்தான் கொஞ்ச நாளாவும்."

பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

கரையில் போனேன். இடது பக்கம் ஆறு சுழித்துக்கொண்டு ஓடுகிறது. பின்னால் எட்டுப் பெண்கள், அவர்களில் ஒருத்தி என் மனைவி. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குலுங்கியது. ஸ்டியரிங் கையில் அசையாமல் இருந்தது. அந்த மூன்று வாரம்தான் எனக்குள் உதறிக்கொண்டிருந்தது. அதற்குத் தகடு எதுவும் கிடையாது.

வயலில் ஊரே நின்றது. அளக்க வந்தவர்கள் வந்தார்கள், பேசினார்கள், தாசில்தார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் இன்னொரு தேதி சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். கல் அங்கேயேதான் இருக்கிறது. பயிரும் இருக்கிறது. இப்போதைக்கு அதுதான் வெற்றி.

கூட்டம் கலையும்போது ஒரு பெரியவர் ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, ஆட்டம் நின்னு போச்சு போலருக்கே? பூசணிக்கா வேல செஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

தனபால், கூட்டத்தில் பேசிவிட்டுக் கையில் வைத்திருந்த மைக்கை அணைக்காமலே சொன்னார்:

"எங்க மூத்த சகலை வேல. தன் வண்டிக்கு வச்சிருந்த சாமான எடுத்து இதுக்குப் போட்டாரு. அவரு வண்டி வாசல்ல முடங்கிக் கெடக்கு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரரும்தான். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை, மாமியாரிடமும் சொல்லவில்லை. மல்லிகாவுக்கு இன்றுவரை தெரியாது... இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

என்னால் அப்படி இருந்திருக்க முடியுமா? சத்தியமாக முடியாது. ஊரைக் கூட்டியிருப்பேன்.

ஜீப்பின் உயரம் இப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பொறாமை வேறு இடத்துக்குப் போய்விட்டது — அந்த மனுஷனுடைய மனசின் உயரத்துக்கு!