மாமாவின் பைக், அப்பாவின் ஹொண்டா

சிவதர்ஷனுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அவன் மனைவி கஜந்தினி சொல்வாள். அது பொய். பதினாறு வருடமாக லண்டன் தெருவில் மழையிலும் பனியிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் கோபம் மூக்கில் மட்டுமா நிற்கும்? உடம்பெல்லாம் நிற்கும்.

வீடு தோர்ண்டன் ஹீத்தில். வேலை, பல் கொண்டுபோவது. சிரிக்க வேண்டாம். பல் வைத்தியர் எடுத்த அச்சை லேபில் கொடுக்கவும், லேப் செய்த பல் செட்டை வைத்தியரிடம் சேர்க்கவும் ஒருவன் வேண்டும்தானே. காலை எட்டு மணிக்கு ஸ்ட்ரெதமில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தால், அந்த எட்டு மணிக்குப் பல் அங்கே இருக்க வேண்டும். அதனால்தான் அவன் ஹொண்டா ஓட்டுகிறான்.

வந்த புதிதில் பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு மலிவு பைக் வைத்திருந்தான். குளிர் கண்டால் அது படுத்துவிடும். பிறகு யமஹா வாங்கினான். அருமையான சாமான், இன்றைக்கும் குறை சொல்ல மாட்டான். அவனுக்குப் பிடித்தது போலவே ஒரு கள்ளனுக்கும் அது பிடித்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த 125 ஹொண்டா. சாவியைத் திருப்பினால் உறுமாமல் முனகாமல் ஸ்டார்ட் ஆகும். செயினை முழுவதும் மூடித் தகர உறை போட்டிருக்கும். பின்னால் பல் பெட்டி. கள்ளன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

கஜந்தினியின் தம்பி நிஷாந்த் வேறு சாதி ரைடர். கிழமை நாளில் வங்கிக்கு ரயிலில் போவான், ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தால் மட்டும் பைக்கை எடுப்பான். அவனோடு சேர்த்து ஏழு பேருக்கு ஒரு கிளப். முதுகில் பனைமரம் குத்திய லெதர் ஜாக்கெட். கூடினால் ஒரே சண்டை. ஹார்லிக்காரன் சத்தத்தைப் பற்றிப் பேசுவான். பி.எம்.டபிள்யூக்காரனான சுஜீத், ஸ்கொட்லாந்து போய்த் திரும்பியும் முதுகு நோகவில்லை என்பான். ட்ரையம்ப் வைத்திருக்கும் நிஷாந்த், இங்கிலாந்தில் இருந்தால் இங்கிலாந்து பைக்தான் ஓட்ட வேண்டும், அதன் வடிவுக்கு முன்னால் எதுவும் நிற்காது என்பான். மூன்று பேரும் சொல்வது சரிதான். ஆனால் மூன்று பேரும் ஒரு மழை நாளில் வேலைக்கு ஓட்டிக் காட்டட்டும், பிறகு பேசலாம் என்று சிவதர்ஷனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. எண்ணெய் எப்போது மாற்றுவது என்று மட்டும் கேட்பார்கள்.

மகள் துளசிகாவுக்குச் சாமத்தியவீடு வந்தது. பெரிய பிள்ளையானதைக் கொண்டாடும் சடங்குதான், ஆனால் லண்டனில் பிள்ளை மண்டபத்துக்குள் எப்படி வந்து இறங்குகிறாள் என்பதில்தான் குடும்பத்தின் மானமே இருக்கிறது. ஒருத்தி பல்லக்கில் வந்தாள், ஒருத்தி குதிரை வண்டியில் வந்தாள். துளசிகா மாமாவின் பைக்கில் வருவாள், முன்னும் பின்னும் கிளப் பைக்குகள் வரும் என்று நிஷாந்த் முடிவு செய்தான். கஜந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. சிவதர்ஷனுக்கும் கலங்கியிருக்கும், அவன் அந்தப் பைக்கின் செயினைப் பார்க்காதிருந்தால்.

"நிஷாந்த், உன்ர பைக்கில செயின் வெளியில கிடக்கு. பிள்ளை சீலையோட ஒரு பக்கமா இருக்கப்போறா. ஊரில ஓடுற பைக்குக்குச் சீலை மாட்டாமப் பக்கத்தில கம்பிக் கார்ட் போட்டு விப்பாங்கள். இஞ்ச ஆர் சீலையோட பின்னால இருக்கினம்? அதால போடுறேல்லை. கொம்பனியில பிழையில்லை, எங்கட யோசனையிலதான் பிழை."

"நடக்கிற வேகத்தில நூறு மீற்றர் அத்தான். அதுக்குள்ள என்ன வரப்போகுது?"

"அப்ப சுஜீத்தின்ர பி.எம்.டபிள்யூவில ஏத்து. அதுக்குச் செயினே இல்லை, மூடின ஷாஃப்ட்தான் சில்லைச் சுத்தும்."

"ஐயோ, அது பொலிஸ் வந்து இறங்கின மாதிரி இருக்கும். வீடியோவில எடுபடாது."

"இல்லாட்டி என்ர ஹொண்டாவில நானே கூட்டிக்கொண்டு வாறன்."

கஜந்தினிதான் முதலில் சிரித்தாள். "பல்லுப் பெட்டியோடயோ?" என்றாள். தாய்மாமன்தான் கூட்டிவர வேண்டும், அதுதான் முறை என்றும் சொன்னாள். முறையாம்! முறை எந்தக் காலத்தில் பைக்கின் சி.சி. கேட்டது? ஆனாலும் முறை என்றபின் அவன் வாயை மூடிக்கொண்டான்.

சடங்கன்று ஞாயிற்றுக்கிழமை காலை, குரொய்டன் பக்கத்து மண்டபம் ஒன்றின் கார் பார்க். சிவதர்ஷன் பட்டு வேட்டியோடு தன் ஹொண்டாவுக்குப் பக்கத்தில் நின்றான். வீடியோ எடுக்க வந்த நவநீத் சென்னைப் பையன்.

"அண்ணா, உங்க வண்டி ஃபிரேம்ல தெரியுது. கொஞ்சம் உள்ள தள்ளிக்கிறீங்களா?"

யாழ்ப்பாணத்தில் வண்டி என்றால் வயிறு. தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய காதுதான், ஆனாலும் அந்த நேரம் ஊர்ச் சொல்தான் முதலில் விழுந்தது. சிவதர்ஷன் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்தான்.

"அய்யோ, அது இல்லண்ணா, பைக்கு!"

ஏழு ஜாக்கெட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தன. அவன் ஹொண்டாவை உருட்டிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் விட்டு, அங்கேயே நின்றான். பெற்ற மகளின் சடங்கில் தகப்பனுக்குக் கிடைத்த இடம் அது.

துளசிகாவை நிஷாந்துக்குப் பின்னால் ஏற்றினார்கள். நாதஸ்வரம் ஸ்பீக்கரில் அலறியது, ஏழு எஞ்சினும் உறுமின. சனம் முழுவதும் அந்தப் பக்கம், ஃபோனை உயர்த்திக்கொண்டு. குப்பைத் தொட்டிப் பக்கம் நின்றவனுக்கு மற்றவர்கள் பார்க்காத பக்கம் தெரிந்தது. சீலைத் தலைப்பு நழுவிச் செயினை நோக்கித் தொங்கியது. பைக் நகர்ந்தது.

"நிப்பாட்டு! டேய், நிப்பாட்டு!"

யாருக்குக் கேட்கும்? வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். பைக்கை மறித்து, கையை நீட்டிச் சாவியைத் திருப்பிப் பிடுங்கினான். பைக் குலுங்கி நின்றது. பிள்ளை மாமாவைக் கட்டிப்பிடித்தபடி சறுக்கி இறங்கினாள். ஸ்பீக்கரையும் யாரோ நிறுத்தினார்கள்.

"என்ன விசர் வேலை அத்தான் இது!"

"சீலை! சீலையைப் பாரடா!"

எல்லோரும் பார்த்தார்கள். துளசிகா நேராக நின்றாள். சீலைத் தலைப்பு சுருட்டி அவள் கைக்குள் இருந்தது. செயினில் ஒரு நூலும் இல்லை.

"எங்க? ஒண்டையும் காணேல்லையே" என்றான் நிஷாந்த்.

கஜந்தினி கிட்ட வந்தாள். "உங்கட எரிச்சலை இண்டைக்கு ஒரு நாளெண்டாலும் அடக்கி வச்சிருக்கக் கூடாதோ?"

எரிச்சல் இல்லை என்று அவனால் கத்த முடியாது. ஏனென்றால் எரிச்சலும் இருந்தது. வயிறு நிறைய இருந்தது. செயினும் உண்மை, எரிச்சலும் உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாவியைக் கொடுத்தான். துளசிகா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து உள்ளே போனாள். ஒவ்வொரு மேசையிலும் அன்றைக்குச் சாப்பாட்டோடு பரிமாறிய கதை ஒன்றுதான்: தகப்பனுக்குப் பொறாமையாம்.

அடுத்த நாள் வேலை முடித்து வந்தபோது, டிரை கிளீனிங்குக்குப் போகச் சீலை பையில் கிடந்தது. எடுத்து விரித்தான். தலைப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கிரீஸ். சரிகை இரண்டு இடத்தில் கடித்துக் குதறினது போலக் கிழிந்திருந்தது. இன்னும் இரண்டடி பைக் ஓடியிருந்தால்! பிறகு கோபம் வந்தது. சீலையைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்குப் போனான். அவள் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை, இது உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அப்பா. செயின் இழுத்தது. நீங்கள் நிப்பாட்டினவுடன நான் எடுத்துச் சுருட்டிப்போட்டன்."

"தெரிஞ்சுகொண்டே பேசாம நிண்டனியோ? அவ்வளவு சனத்துக்கு முன்னால என்னை விசரன் ஆக்கினவை. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே!"

துளசிகா பேனையை வைத்தாள். அப்பாவுக்கு இதுகூட விளங்கவில்லையா என்று பார்த்தாள்.

"சொன்னா மாமாக்கு எல்லாருக்கும் முன்னால ஷேமாப் போயிருக்கும் அப்பா. அவர் அழுதிருப்பார். நீங்கள் ஓகேதானே. உங்களுக்கு அது பழக்கம்தானே."

குத்தலாகச் சொல்லவில்லை. மெதுவாக, பாசமாகத்தான் சொன்னாள். சிவதர்ஷன் சீலையைத் திரும்ப மடித்தான். அவளில் பிழையில்லை. பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் பார்த்ததைத்தான் பிள்ளை சொன்னாள்.