வூலுங்கின் சட்டங்களை எழுதிய வுர்யானி

வூலுங் என்ற பூதத்துக்கு இடது கையில் ஏன் ஆறு விரல் என்று அந்நாளில் ஜாவாவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். தன் தங்கையின் விரலைக் கடித்துத் தின்றான், அது அவன் கையிலேயே முளைத்துவிட்டது. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். ரப்பர் கையுறை செய்தவர் எண்ணிக்கையில் கோட்டைவிட்டார், அதை எண்ணிப் பார்க்காமல் நடிகருக்கு மாட்டிவிட்ட ஒப்பனைக்காரன் நான்.

ஒரு நாள் முழுக்கப் படம் பிடித்த பிறகுதான் யாரோ விரல்களை எண்ணினார்கள். திரும்ப எடுக்கப் பிலிம் இல்லை. இயக்குநர் டார்மோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எந்தக் காட்சியில் யார் எந்தச் சட்டை போட்டிருந்தார்கள், கிண்ணம் எந்தக் கையில் இருந்தது என்றெல்லாம் குறித்துவைக்கும் வேலை வுர்யானிக்கு. அவர் வாயிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"ஆறாவது விரல் அவன் தங்கச்சியோடதுன்னு வெச்சுக்கலாம் சார்."

"தங்கச்சி ஏது?"

"இனிமே உண்டு. ரெண்டாம் பாகத்துக்கு ஆள் வேணும்ல."

பூதக் குடும்பம் அப்படித்தான் பிறந்தது. வுர்யானி பூர்வோரெஜோ பக்கத்து ரயில் ஊழியர் மகள். தட்டச்சு வேலைக்கென்று ஜகார்த்தா வந்தவர். ஐந்து வேளைத் தொழுகையைத் தவறவிடமாட்டார். தொழுதுவிட்டு வந்து, எந்தப் பூதம் யாருடைய குடலை உருவியது என்று பள்ளிக்கூட நோட்டில் பிசகில்லாமல் எழுதுவார். நோட்டின் மேலே 'குடும்ப விவரம்' என்று எழுதியிருந்தது.

வூலுங்காக நடித்த சுகெங் தெகால் ஊர்க்காரர். அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டால் தியேட்டரே சிரிக்கும். ஆகவே வூலுங்கின் நாக்கை அவன் தாயே அறுத்துவிட்டாள். இன்னொரு நாள் பக்கத்து வீட்டு ஆடு காட்சிக்கு நடுவில் கத்த, சுகெங் திடுக்கிட்டுத் திரும்பினார். மற்றபடி அருமையான காட்சி. வுர்யானி கொஞ்சம் யோசித்து, நாக்கை அறுத்த அன்றே வூலுங்கை ஆட்டுக்கொட்டிலில் போட்டுவிட்டுத் தாய் போய்விட்டாள், அதனால் ஆட்டுச் சத்தம் அவனுக்கு ஆகாது என்று எழுதினார். வயல்வெளிகளில் திரை கட்டி நாலாம் பாகத்தை ஓட்டி முடித்தபோது, கிராமங்களில் வாசலுக்கு வாசல் ஆடு நின்றது. டார்மோவோ, எல்லாம் பழைய ஓலைச்சுவடியில் கண்டெடுத்தது என்று பத்திரிகைக்காரர்களிடம் அளந்துவிட்டார். வுர்யானி முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துச் சிரித்தார்.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போனார். அவருடைய சித்தி வீட்டுச் சமையலறையில் பானைகள் தானாக விழுகின்றனவாம். பூனைதான் என்று வுர்யானி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்தி ஏற்கெனவே பேயோட்டி சுரோத்தோவை வரவழைத்திருந்தார். நீண்ட வெள்ளைத் தாடி, கனத்த குரல். வந்திருப்பது வூலுங்தான் என்றும், எலும்பு வரை கறுத்த சேவல் ஒன்று கொடுத்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னார். உடன்பிறந்தவர்கள் ஐவரில் மூத்தவன் அவன் என்றார்.

வுர்யானி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏழு பேர்."

"சினிமாவுல ஏழு. நெசத்துல அஞ்சுதான் தாயி."

"அந்தக் குடும்பத்தையே எழுதினது நான்தான், பெரியவரே."

சுரோத்தோ அவரை இரக்கத்தோடு பார்த்தார். "எழுதினதா நீ நெனச்சுக்கிட்டிருக்கே. அவன்தான் உன் கையப் புடிச்சு எழுத வெச்சிருக்கான். உனக்கும் ஒரு சேவல் ஆகும்."

சித்தி அந்தக் கணமே இரண்டாவது சேவலைப் பிடித்துவரச் சொன்னார்.

திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னபோது வுர்யானியின் மூக்கு நுனி சிவந்திருந்தது. ஊர் நம்புவதில் அவருக்கு வருத்தமே இல்லை. எண்ணிக்கையைத் தப்பாகச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

ஐந்தாம் பாகத்தில் புதிய சட்டம் வந்தது. வூலுங்கை ஓட்டுவதற்காக யார் கறுப்புச் சேவலைக் கூலியாக வாங்குகிறாரோ, அவர் வீட்டுக் கூரையில் போய் அவன் குடியேறுவான். படம் அந்த வட்டாரமெங்கும் ஓடியது. சேவலோடு வருவதாக இருந்தால் வாசலோடு நின்றுகொள் என்று சுரோத்தோவின் மனைவியே சொல்லிவிட்டாராம்.

மூன்று மாதம் கழித்து, ஒரு கூடை சலாக் பழத்தோடு சுரோத்தோ எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தார். பேருந்தில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. வுர்யானி அவருக்குக் காப்பியும் பொரித்த சோயாத் தெம்பேயும் கொடுத்து, வேண்டுமென்றே இரண்டு காட்சி முடியும்வரை காக்கவைத்தார்.

"அந்தச் சட்டத்தக் கொஞ்சம் மாத்தணும் தாயி."

"அது சினிமாவுல. நெசம் வேறயாச்சே?"

"நெசத்த நான் சொன்னா இப்ப எவனும் கேக்கறதில்ல."

"கூடப்பொறந்தவங்க எத்தன பேரு?"

சுரோத்தோ காப்பியை வண்டல்வரை குடித்துத் தீர்த்தார். "ஏழு."

வுர்யானி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் டார்மோ அந்தத் தாடியைப் பார்த்துவிட்டார். ஆறாம் பாகத்தில் பேயோட்டியாக நடிக்க இவரைவிட்டால் ஆள் கிடையாது என்று ஒற்றைக்காலில் நின்றார். தன்னைச் சாகடிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சுரோத்தோ ஒத்துக்கொண்டார்.

படப்பிடிப்பன்று சுகெங்குக்கு நான்கு மணி நேரம் ஒப்பனை போட்டேன். சுரோத்தோ மந்திரம் சொல்லி வூலுங்கை விரட்ட வேண்டும், அவ்வளவுதான் காட்சி. கேமரா ஓடியது. வூலுங் எதிரில் வந்து நின்றான். பாவம் சுகெங், காலையிலிருந்து பட்டினி. ரப்பர் வாயோடு எதுவும் மெல்ல முடியாது. சுரோத்தோ கையை உயர்த்தினார். அப்புறம் மெதுவாக இறக்கினார். மந்திரம் மறந்துபோனதா, உண்மையிலேயே மனம் இரங்கியதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

சுகெங் தன்னை மறந்து இல்லையென்று தலையாட்டினார். சுரோத்தோ தரையிலிருந்த படையல் தட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். டார்மோ 'கட்' சொல்ல மறந்து நின்றார். நான் வுர்யானியைப் பார்த்தேன். பென்சில் அசையவில்லை. பன்னிரண்டு வருடமாக ஊரை அலறவைத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நோட்டில் ஒரு வரி எழுதினார்: 'இவனைப் பெற்றவள் போனதிலிருந்து யாரும் சோறு போட்டதில்லை.'

அந்தப் படத்தைப் பார்த்து வயல்வெளிகளில் பெண்கள் அழுதார்கள். கறுப்புச் சேவல்கள் தப்பித்தன. பானை விழுந்த வீட்டில் வூலுங்குக்கு ஒரு தட்டு சோறு வைத்தால் போதுமென்று ஆயிற்று. மறுநாள் காலையில் தட்டை எடுத்துக்கொள்ளும் உரிமை சுரோத்தோவுக்கு. அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் பெருத்துவிட்டார்.

வுர்யானி ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். போன வருடம் பார்க்கப் போனேன். வராந்தாவில் அவரும் சுரோத்தோவும் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த ஏழு பேரின் தாய்க்கு என்ன பெயர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தில் எங்குமே அவளுக்குப் பெயர் இல்லை. இருவருமே அவளை நேரில் பார்த்தவர்கள்போலப் பேசினார்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒப்பனை மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, ஆறுவதற்குள் காப்பியைக் குடித்தேன்.