பார்த்தவர் பெயர்

“பாத்தாச்சுன்னா எதைப் பாத்தாச்சு?” என்று கேட்டுக்கொண்டே அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். எதிரே நிற்கும் பொறியாளர் நெளிகிறார்.

“அதான் அக்கா, பாத்தவர் நேத்தே ஓகே குடுத்துட்டாரே!”

“குடுத்தாரு. நேத்து இருந்ததுக்குக் குடுத்தாரு. இன்னிக்குக் காலையில ரெண்டு வரி மாத்தியிருக்கீங்களே, அதுக்கு யாரு குடுத்தா?”

வந்தவர் வந்த வழியே திரும்புகிறார். கண்ணாடி மறுபடி மூக்குக்கு இறங்குகிறது.

லிஃப்டுகளை இயக்கும் மென்பொருள் எழுதுகிற அலுவலகம் அது. ஒவ்வொருவரும் தங்கள் மாற்றத்தைத் தனியாக ஒரு நகலில் எழுதுவார்கள். இன்னொருவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிறகுதான் அது எல்லோருக்கும் பொதுவான மூலத்தில் சேரும். சேர்க்கிறவர் இவர். சேர்க்கும்போது எழுதியவர் யார், பார்த்தவர் யார், பார்த்தது எந்தப் பதிப்பு என்று அடியில் தன் கையாலேயே தட்டுவார். ஒரு தரம் உள்ளே போனால் போனதுதான், யாராலும் அழிக்க முடியாது. அலுவலகத்தில் அவருக்கு ‘முத்திரை அக்கா’ என்று பெயர். அது அவர் காதுக்கும் வந்துவிட்டது. கோபமெல்லாம் கிடையாது.

நடைபாதையில் எதிரே வந்து “பாத்துட்டேன் அக்கா” என்று சொல்கிறவர்களிடம், “வாயால சொன்னது காத்தோட போச்சு, போய் எழுதுங்க” என்பார். தலையாட்டினால் இன்னும் மோசம். “அது பொம்மைக்கும் ஆடும்.” வீட்டிலும் இதே கூத்துதான். மகள் தோழிகளோடு சுற்றுலா போகக் கேட்டபோது, யார் யார், எங்கே தங்குவது என்று எழுதி அனுப்பச் சொன்னார். படித்துச் சம்மதமும் தந்தார். மறுநாள் கூட்டத்தில் ஒருத்தி கூடியதும், “இது வேற பயணம். முதல்லேர்ந்து கேளு” என்றுவிட்டார். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எழுதியது.

இதெல்லாம் சும்மா வந்த பிடிவாதம் இல்லை. இவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர், பழைய ஒப்புதலைப் புதிய மாற்றத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டார். லிஃப்ட் ஒன்று ஆளோடு நடுவில் நின்றது. பார்த்தவர் என்று பெயர் இருந்த மனிதரை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். தான் பார்க்காத வரிக்கு அவர் என்ன பதில் சொல்லுவார், பாவம்! வேலையை விட்டே போய்விட்டார். “ஒருத்தர் இல்லாதப்ப அவர் கையைப் பிடிச்சு நாமளே கையெழுத்துப் போடற மாதிரிதானே அது?” என்பார் அக்கா.

அக்காவின் கணவரும் அதே அலுவலகம்தான், ஒப்பந்த வேலை. லிஃப்ட் கதவுகள் அவர் பொறுப்பு. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. “உங்க மாற்றம் இந்த வெளியீட்டுல சேர்ந்துட்டா, நீங்க வேணும்னு மேல பேசுவேன். சேரலைன்னா எதை வச்சுப் பேசறது?” என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வேலை அது. கதவைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் அலுவலகத்தில் ஒருவர்தான். அவர் போன வெள்ளிக்கிழமை காலை முழுக்கப் படித்து, ஒப்புதல் எழுதிவிட்டு மதியம் விமானம் ஏறினார். வாடிக்கையாளர்களுக்குப் போகிற வெளியீடு அன்றைக்கே மாலை ஐந்து மணிக்கு மூடும்.

அவர் ஏறின பிறகு, கணவர் சும்மா இருக்க மாட்டாமல் இன்னொரு தரம் சோதித்துப் பார்த்தார். கதவிடுக்கில் கை வைத்தால் கதவு திறக்கிறது. கையை எடுத்து உடனே மறுபடி வைத்தால் திறக்கவில்லை. ஒரே ஒரு வரி. திருத்தினார், சரியாகிவிட்டது. திருத்திய பதிப்போடு மனைவியின் மேஜைக்கு வந்து நின்றார்.

“ஏங்க, இதை அவர் பாக்கலையே?”

“ஒரு வரிம்மா.”

“பழசுக்கு ஒப்புதல் இருக்கு. அதைச் சேர்த்துடவா?”

“தப்புன்னு எனக்கே தெரிஞ்சதைச் சேர்க்கச் சொல்றியா? நாளைக்கு ஒரு கொழந்தை கையை வைக்கும்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர்மேல் அப்போது வந்த பிரியத்துக்கு அளவே இல்லை. வந்த எரிச்சலுக்கும்தான். கண்டுபிடிக்காமலே இருந்து தொலைத்திருக்கலாம்!

விமானத்தில் இருந்தவரின் போன் அணைந்தே கிடந்தது. அக்காவின் பக்கத்து மேஜைக்காரர் தாங்க முடியாமல் எழுந்து வந்தார்.

“அவர் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஓகேன்னுதான் சொல்லியிருப்பாரு. பேரைப் போட்டுடுங்க அக்கா. யாருக்குத் தெரியப்போவுது?”

“அவருக்கே தெரியாதே” என்றார் அக்கா.

கணவர் கெஞ்சவில்லை. தன் இடத்துக்குப் போய்த் திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அக்கா நடுவில் இரண்டு மூன்று முறை அந்த எண்ணை அழைத்துப் பார்த்தார். பெயர் தட்டும் கட்டம் திறந்தேதான் இருந்தது. நாலு எழுத்து தட்டினால் வேலை முடிந்தது, வீடு நிம்மதியாகும். தண்ணீர் குடித்தார்.

ஐந்து மணிக்கு வெளியீட்டை மூடினார். சேர்ந்த மாற்றங்களின் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பினார். கதவு அதில் இல்லை.

பிறகு அக்கா எழுந்தார். தன் நாற்காலியை முதுகுப்பக்கம் பிடித்து, அத்தனை பேர் பார்க்க, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருட்டிக்கொண்டு போனார். கணவரின் மேஜையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். கணவர் திரும்பவில்லை. மேஜை ஓரத்தில் இருந்த தன் பையை மட்டும் எடுத்துக் கீழே வைத்து, அக்கா கை வைத்துக்கொள்ள இடம் விட்டார்.